பழைய புல்லட் எஞ்சினை வீட்டில் பிரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு மாதம் நின்ற வண்டியைக் கிக் அடித்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை தெருவையே மறைக்கிறது. பார்த்தவர் "ரிங் போயிடுச்சு, போர் போடணும்" என்கிறார்; பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைய வேண்டும் என்று பொருள். அன்று மாலையே ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) கழன்று திண்ணைக்கு வந்துவிடுகிறது. பழைய புல்லட் 350 வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இது: பிரிக்கத் தேவையே இல்லாத எஞ்சினைப் பிரிப்பது.

நான் சொல்வது நான்கு கியர், வலது காலில் கியர் போடும் இரும்பு போர் (சிலிண்டர்) எஞ்சினைப் பற்றி. 70 மி.மீ. போர் விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. 1955-இல் இருந்து சென்னையில் தயாரான வண்டி. இதில் எஞ்சின் ஆயிலுக்கென்று தனி டேங்க் வெளியே கிடையாது. எஞ்சினின் கீழ்ப் பெட்டியான கிராங்க் கேஸிலேயே ஓர் அறையில் ஆயில் நிற்கும். வண்டி பல வாரம் ஓடாமல் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து ஃபிளைவீல் சுற்றும் இடத்துக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் அது மேலே ஏறி எரிகிறது, அவ்வளவுதான். கீழே உள்ள வடி போல்ட்டைக் கழற்றி அந்த ஆயிலை வடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடத்தில் புகை நின்றுவிட்டால் ரிங் நன்றாக இருக்கிறது.

கம்ப்ரஷன் குறைவாகத் தெரிந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கைப் போட்டு மறுபடி கிக்கரை மிதித்துப் பாருங்கள். கிக்கர் இறுகினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு. வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், கிராங்க் கேஸைத் தொட வேண்டியதில்லை.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு, வடித்த ஆயிலை அப்படியே சாக்கடையில் ஊற்றுவது. அதைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. அதோடு, உள்ளே என்ன தேய்ந்தது என்பதற்கு அந்த ஆயில்தான் சாட்சி. ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: கியர், பேரிங், ரிங் என்று தேட வேண்டும். மஞ்சளாக மினுங்கினால் ஏதோ ஒரு புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்). காந்தத்தில் ஒட்டாத வெள்ளைச் செதில் என்றால் அலுமினியம், அனேகமாகப் பிஸ்டன். பாகங்களையும் இதே காரணத்துக்காகக் கழற்றியவுடன் கழுவாதீர்கள். முதலில் பாருங்கள், போனில் படம் எடுங்கள், பிறகு கழுவுங்கள். வெளிப்புறத்தை மட்டும் பிரிப்பதற்கு முன்பே கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் பத்து வருட மண் நேராக உள்ளே விழும்.

ஸ்பேனர் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பழைய புல்லட்டில் நட்டுகள் இங்கிலாந்து அளவில் இருக்கும். பின்னால் வந்தவற்றில் மில்லிமீட்டர் அளவும் கலந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். திரும்ப மாட்டும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது: நட்டு கையால் முழுதாக ஏற வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் அது வேறு மரை. ஸ்பேனர் போட்டு ஏற்றினால் அலுமினியக் கேஸில் மரை போய்விடும்.

டைமிங் பக்கத்தில் (வால்வுகளை இயக்கும் கியர்கள் இருக்கும் பக்கம்) கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் ஒரு வோர்ம் (திருகு போன்ற கியர்) இருக்கிறது. அது இடது மரை. வழக்கமாக எல்லா நட்டையும் கழற்றும் திசையில் முழு பலத்தோடு திருப்பினால் அதை இன்னும் இறுக்குகிறோம் என்று பொருள். வராத நட்டை எக்ஸ்டென்ஷன் பைப் போட்டுத் திருப்புவதற்கு முன்னால், எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிடுவது நல்லது. டைமிங் கியர்களில் புள்ளிகள் குத்தியிருக்கும். கழற்றுவதற்கு முன் அவை நேருக்கு நேர் நிற்கும்படி கிராங்கைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வுகளைத் திறக்கும் கம்பிகளான புஷ் ராட் இரண்டையும் எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்று நூல் கட்டிக் குறித்து வையுங்கள்.

ஒட்டிக்கொண்ட கேஸைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்புவது சாதாரணமாக நடக்கிறது. அந்த ஒரு கீறலில்தான் பின்னால் காலம் முழுக்க ஆயில் ஒழுகும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உள்ளே எங்கோ ஒரு ஸ்க்ரூ கழற்றப்படாமல் இருக்கிறது, தேடுங்கள்.

போரைத் தூக்கும்போது கீழே வாய் திறந்தவுடன் சுத்தமான துணியைச் சுற்றித் திணித்துவிடுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன வளையமான சர்க்ளிப் தெறித்து உள்ளே விழுந்தால், பத்து நிமிட வேலைக்காக முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும். பின்னைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள், கனெக்டிங் ராட் வளையும். கொதிக்கும் நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனைச் சுற்றி இரண்டு நிமிடம் பிடித்தால் அலுமினியம் விரிந்து பிஸ்டன் பின் கையோடு வந்துவிடும்.

கழுவும் வேலையில் மூன்று பெரிய தவறுகளைப் பார்க்கிறேன். கரி போக வேண்டும் என்று காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊற வைப்பது ஒன்று. இரும்பு போருக்கு ஒன்றும் ஆகாது. ஹெட், பிஸ்டன், கேஸ் எல்லாம் அலுமினியம், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். அடுத்தது பிஸ்டனையும் போரையும் உப்புத்தாளால் தேய்ப்பது. அந்தத் தூள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு பிறகு தேய்க்கும் வேலையைத் தொடரும். மூன்றாவது பெட்ரோல். வீட்டுக்குள், கேஸ் அடுப்பும் சாமி விளக்கும் இருக்கும் இடத்தில் பெட்ரோலில் பாகம் கழுவுவதைப் போல ஆபத்து வேறில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ போதும், அதுவும் திறந்த வெளியில்.

போரை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் வாங்கப் போகிறவர்கள் உண்டு. வரிசையே தலைகீழ். சென்னைப் புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, "இதை அளந்து இதற்குக் கடையுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஓவர்சைஸ் (கடைந்த போருக்கான பெரிய அளவு) என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சிறு வித்தியாசம் இருக்கும். ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன் அதைத் தனியாகப் போருக்குள் தள்ளி அதன் இரு முனைகளுக்கு நடுவிலான வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். இந்த அளவு போருக்குச் சுமார் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். வாய் ஒட்டிப்போயிருந்தால் சூட்டில் ரிங் விரிந்து போரைக் கிழிக்கும்.

இனி ஆயில் வழி. நான் பார்த்தவரை, வீட்டில் கட்டிய எஞ்சின் சீக்கிரம் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம். பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் கீழ் முனை) ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். ஆயில் அழுத்தத்தோடு வந்தால்தான் அது உயிரோடிருக்கும். ஃபீட் பம்பில் கிளம்பும் ஆயில் டைமிங் கவருக்குள் இருக்கும் சின்னத் துளைகள், ஃபில்டர் எல்லாம் கடந்து, கிராங்கின் முனை வழியாக உள்ளே நுழைந்து பிக் எண்டைச் சேர்கிறது. கவரும் கிராங்க் முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு குட்டி சீல் இருக்கிறது. பழைய வண்டிகளில் கார்க், பிந்தியவற்றில் ரப்பர். அது நைந்திருந்தால் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, நமக்கும் தெரியாது. சில ரூபாய்ப் பொருள். கவரைத் திறந்தால் கேள்வியே கேட்காமல் புதிது போடுங்கள்.

பேக்கிங்கில் தடவும் கேஸ்கெட் பேஸ்ட்டின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் வண்டியை முதல்முறை நான் கட்டியபோது, டைமிங் கவர் முன்பு ஒழுகியதே என்று பேக்கிங்கின் இரண்டு பக்கமும் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினேன். ஒழுகல் நின்றது. நாற்பது கிலோமீட்டரில் கீழே இருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தால், இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்த பேஸ்ட்டில் ஒரு துணுக்கு ஆயில் துளையில் அடைத்திருந்தது. அரிசி அளவுகூட இல்லை. புஷ், பின், ராட் மூன்றும் போயின, கிராங்கைத் திரும்ப அழுத்திச் சேர்க்கப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேக்கிங் போடும் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டித் துடைப்பதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். பேஸ்ட் தேவைப்பட்டால் விரல் நுனியால் படலம் போல, துளைகளுக்குப் பக்கத்தில் போகாமல். பேக்கிங்கின் ஓட்டைகள் கேஸின் ஓட்டைகளோடு பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, நான்கைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் வேலை எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டும். புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த எஞ்சினுக்கு அதுதான் அளவு. பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சுவிட்சான பாயிண்ட்டின் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ. வரை. இக்னிஷன் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும், அதுவும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில். சாவியைப் போட்டு அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள், திறக்கும் நொடியில் நடுவுக்குத் திரும்பும். டைமிங்கை அதிகமாக முன்னால் வைத்துவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டி முடித்த ஆசையில் உடனே ஸ்டார்ட் செய்வது கடைசித் தவறு. ஆயில் வழி முழுக்கக் காலியாக இருக்கிறது. ஆயிலை நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் யூனியனை (பைப்பை இணைக்கும் நட்டு) கொஞ்சம் தளர்த்தி, கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். ஐம்பது மிதி ஆகலாம், நூறும் ஆகலாம். அங்கே ஆயில் எட்டிப் பார்த்த பிறகு யூனியனை இறுக்கி, பிளக்கைப் போட்டு, வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். எஞ்சின் சூடேறி, அணைத்து, முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் இன்னொரு முறை பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக, ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆயிலை வடித்து மறுபடி ஒரு தட்டில் ஊற்றி, காந்தத்தோடு உட்காருங்கள்.