மாடி சோலார் ஸ்டாண்ட்: எந்த உலோகம், எந்த வேலைமுறை?

சோலார் போடுகிறவர்கள் பேனலைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள், ஸ்டாண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேனலுக்கு 25 வருட வாரண்டி தருகிறார்கள் என்றால் அடியில் இருக்கும் இரும்பும் அத்தனை வருடம் நிற்க வேண்டும். கடலூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஏறிப் பார்த்தேன். ஸ்டாண்ட் போட்டு இரண்டு வருடம்தான். குழாய்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வெல்டு வைத்த ஒவ்வொரு மூட்டிலும் துரு பொங்கி, சில்வர் பெயிண்ட் அப்பளமாக உரிந்து, தரையில் செம்பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது.

படி 1: காற்றைக் கணக்குப் போடுங்கள்

ஸ்டாண்டின் முதல் வேலை பேனலைப் பறக்க விடாமல் பிடித்துக்கொள்வது. எடையைச் சுமப்பது அதற்கு அடுத்ததுதான். கட்டடங்களின் மேல் விழும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இன்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோவைக்கு 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பிறகு 0.6 ஆல் பெருக்குங்கள். சென்னைக்கு 1,500 நியூட்டன் வரும்; அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இரண்டரைச் சதுர மீட்டர் பேனல் 28 கிலோதான் இருக்கும், புயல் அதை 375 கிலோ விசையோடு இழுக்கும். இது தோராயம். சாய்வு, கட்டட உயரம் எல்லாம் சேர்த்த முழுக் கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வாங்குங்கள்.

படி 2: உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

அலுமினியம் துருப்பிடிக்காது, எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதே பாரத்துக்கு இரும்பைவிட மூன்று மடங்கு வளையும். அதனால் பேனலுக்கு அடியில் ஓடும் ரெயிலுக்கு அலுமினியம், உயரமான கால்களுக்கு இரும்பு என்பது என் தேர்வு. அலுமினியத்தை ஈர சிமெண்டில் புதைக்காதீர்கள், சிமெண்டின் காரம் அதை அரிக்கும்.

படி 3: 'ஜிஐ' என்றால் எந்த ஜிஐ என்று கேளுங்கள்

ஏமாறும் இடம் இதுதான். ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. அதில் இரண்டு வகை உண்டு, கடையில் இரண்டையும் ஜிஐ என்றே சொல்வார்கள். ஒன்று, துத்தநாகம் பூசி வந்த தகட்டை வளைத்துச் செய்தது. அதில் 275 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம்) என்று இருந்தால், பூச்சு ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்கூட வராது; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்னொன்று ஹாட் டிப்: செய்து முடித்த இரும்பை ஆசிட்டில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. இதில் 80 மைக்ரான் கேளுங்கள். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

படி 4: வேலையின் வரிசையை எழுதிக் கொடுங்கள்

வெட்டு, துளை, வெல்டிங் மூன்றும் பட்டறையிலேயே முடிய வேண்டும். ஹாட் டிப் அதற்கு அப்புறம்தான். மாடியில் போல்ட் போட்டு முடுக்குவது மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. பூச்சுக்கு மேல் வெல்டு வைத்தால் அந்த இடம் அம்மணமாகிவிடும். அந்தப் புகை வெல்டருக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும். கடலூர் மூட்டுகளில் நடந்தது இதுதான்.

குழாயின் இரண்டு முனையையும் மூடி வெல்டு வைத்திருந்தால் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் சிக்கினால் தொட்டியில் நீராவியாகி வெடிக்கும்.

படி 5: போல்ட்

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் போதும், கடலோரத்தில் 316 வாங்குங்கள். எஸ்எஸ் நட் பாதியில் இறுகிக்கொள்ளும், மரையில் ஆன்டிசீஸ் கிரீஸ் தடவி மெதுவாக முடுக்குங்கள்.

படி 6: சரக்கு வந்ததும் பாருங்கள்

ஹாட் டிப் சாம்பல் பூத்து, ஓரத்தில் துத்தநாகம் சொட்டி உறைந்த தடம் விரலில் தட்டுப்படும். கண்ணாடிபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள். கோட்டிங் மீட்டர் வைத்து நான்கைந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள், முக்கியமாக வெல்டு ஓரங்களில். மாடியில் ஒரு துளை போட்டே ஆக வேண்டும் என்றால், பிசிறைத் துடைத்து அன்றைக்கே ஜிங்க் ரிச் பெயிண்ட் (துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்ட்) இரண்டு கோட் அடித்துவிடுங்கள். சில்வர் பெயிண்ட் அதற்கு ஈடாகாது.