அலையை அணைத்துவிடாதீர்கள்: பாலி கமெலான் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கமெலான் (இந்தோனேசியாவின் பாலித் தீவில் பலர் சேர்ந்து தட்டி வாசிக்கும் வாத்தியக் குழு) பயிற்சிக்கு வந்த புதுப் பையன் ஒருவன், இடைவேளையில் கைப்பேசியை கங்சா என்ற கருவியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெண்கலப் பட்டையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுருதி பார்க்கும் செயலி. பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்து, "அண்ணா, இது ரெண்டும் ஜோடின்னு சொன்னீங்க, ஒண்ணுகூடச் சேரலையே, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தள்ளியிருக்கு. செஞ்சவர் ஏமாத்திட்டாரா?" என்றான். எனக்குச் சுரீர் என்றது. அவன்மேல் கோபமில்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல், காசு கொடுத்து அதைச் சரிசெய்யவும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கும்போது பேசாதே, ஃபிளாஷ் போடாதே போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் யாருக்கும் தெரியும்.

சுருதி சேரவில்லை என்று முடிவுகட்டுவது

பாலியின் வெண்கலக் கமெலானில் பெரும்பாலான கருவிகள் ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்று சற்றுத் தாழ்ந்த சுருதி, அதற்குப் பெங்கும்பாங் என்று பெயர். மற்றது சற்று உயர்ந்தது, பெங்கிசெப். இரண்டிலும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் தட்டினால் ஒலி நேராக நிற்காது, துடிக்கும். அந்தத் துடிப்புக்கு ஓம்பாக் என்று பெயர், அலை என்று அர்த்தம். கணக்கு எளிது: ஒன்று 400 ஹெர்ட்ஸ், மற்றது 407 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 7 துடிப்பு. எந்த வேகத்தில் துடிக்க வேண்டும் என்பதைக் கருவி செய்பவரும் வாங்கும் குழுவும் பேசி முடிவுசெய்வார்கள். சிலருக்குச் சற்று நிதானமான அலை பிடிக்கும், சிலருக்கு வேகமானது. அந்த அலை இல்லாத வெண்கலத்தைப் பாலிக்காரர்கள் உயிரில்லாதது என்பார்கள்.

இப்போது செயலி எங்கே தவறாக வழிகாட்டுகிறது என்று பாருங்கள். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை அலையின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படிதான் சுருதி கூட்டுகிறார்கள். நொடிக்கு 8 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 1100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும் சின்னப் பட்டையில் இந்த 8 ஹெர்ட்ஸ் வித்தியாசம் செயலியில் முள் லேசாக அசைகிற அளவுதான். 140 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும் ஜெகோகன் என்ற தாழ்ந்த குரல் கருவியில் அதே 8 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட ஒரு அரைச்சுரம். ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்கே போய்விடுகிற தூரம். செயலியை நம்புகிறவருக்கு, கீழே போகப் போகக் கருவி மோசமாகிக்கொண்டே போவதாகத் தோன்றும். உண்மையில் அங்கேதான் செய்தவரின் காது எவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறது என்று தெரியும்.

எனக்கு இது தெரியாது. பாலியில் கியான்யார் பக்கம் ஒரு பஞ்சாரில் (ஊர்ச் சமூகக் குழு) சில மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தைரியத்தில், ஒரு பட்டறையில் பெமாடே ஜோடி ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். பெமாடே என்பது 10 பட்டைகள் கொண்ட நடு அளவு கங்சா. முன்பணம் கொடுக்கும்போதே, "ரெண்டும் துல்லியமா ஒரே சுருதியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். பட்டறைக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரே சுருதியா என்று திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பட்டையை எடுத்துத் தட்டினார், அதன் ஜோடியைத் தட்டினார், இரண்டையும் சேர்த்துத் தட்டி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு விளக்கத்தான் அப்படிச் செய்தார் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் சாதித்தேன், அவரும் கேட்டபடி செய்து கொடுத்தார்.

வீட்டில் வைத்து இரண்டையும் சேர்த்து வாசித்தபோது கேட்டது சத்தம் மட்டும்தான். ஒன்றை வாசித்தால் வருவதைவிட இரண்டை வாசித்தால் கொஞ்சம் உரக்க, அவ்வளவே. பஞ்சாரில் இரவு முழுக்கக் கேட்ட அந்த மினுமினுப்பு எங்கே போயிற்று என்று பல நாள் தேடினேன். மூங்கில் குழாய் சரியில்லையோ, தட்டும் பங்குல் கனமோ, அறை சின்னதோ என்று எதையெதையோ சந்தேகப்பட்டேன். கடைசியில் பஞ்சாரில் மூத்த கலைஞர் ஒருவர் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: ஓம்பாக் இல்லை.

அப்புறம் திருத்தும் வேலை. பட்டையின் ஓரத்தை அராவினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் நடுவில் சுரண்டினால் இறங்கும். எடுத்த வெண்கலத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு ஜோடிக்கு அலை வர, பத்துப் பட்டைகளை ஏற்ற வேண்டும், அவற்றுக்குக் கீழே இருக்கும் மூங்கில் குழாய்களையும் புதுச் சுருதிக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஒரு பட்டை அராவியதில் கெட்டுப்போய், புதிதாக வார்க்க வேண்டியதாயிற்று. மொத்தத்தில் என் இரண்டு மாதச் சம்பளம். அதற்குப் பிறகும் அந்த ஜோடி எங்கள் குழுவின் மற்ற கருவிகளோடு சேரவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு கமெலானுக்கும் அதற்கே உரிய சுருதி உண்டு, ஒரு தொகுப்பின் கங்சாவைக் கொண்டுபோய் இன்னொன்றில் செருக முடியாது. இதையும் நான் விசாரிக்கவில்லை.

பணம் போனதைவிட எனக்கு இன்னும் ஆறாதது வேறு. ஒரு கலைஞரின் காதை, அவர் ஊரில், அவர் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு செயலியின் பேச்சைக் கேட்டு மறுத்தேன். இன்றைக்கும் கமெலான் பதிவுகளைக் கணினியில் போட்டுச் சுருதி சுத்தம் செய்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். நீங்கள் சுத்தம் செய்தது அழுக்கு இல்லை, இசை.

கேட்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாசிப்பவரிடம் பணிவாகக் கேட்டு, ஒரே சுரத்தை முதலில் தாழ்ந்ததில், பிறகு உயர்ந்ததில், பிறகு இரண்டிலும் சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள். ஒலி அடங்கும்வரை பேசாமல் இருங்கள். பின்னர் வாசிப்பு தொடங்கும்போது ஒரு கருவிக்கு மட்டும் ஒட்டி உட்காராதீர்கள், அந்த ஒன்றின் ஒலிதான் காதை நிரப்பும். நாலைந்து அடி பின்னால் தள்ளி, ஜோடிக்கு நடுவில் உட்காருங்கள்.

மேலே மட்டும் கேட்பது

முதல் முறை கேட்பவர் காது நேராக வேகத்துக்குப் போய்விடும். ஒரு மனிதக் கையால் இவ்வளவு வேகமாக எப்படி முடியும் என்று வாய்பிளப்பார்கள். அது ஒரு கை இல்லை. கொதேகான் என்கிற பின்னலில் ஒருவர் போலோஸ் வாசிக்கிறார், மற்றவர் சங்சி வாசிக்கிறார், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் விழுகிறார், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஓடை. ரெயோங்கிலும் இப்படித்தான், 12 வெண்கலக் குடங்களை 4 பேர் வரிசையாக உட்கார்ந்து பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இதில் யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்தெடுக்க முயன்று முதல் நாளே களைத்துப்போகிறவர்கள் நிறைய.

கீழிருந்து கேளுங்கள். முதலில் கோங், தொங்கவிட்டுத் தட்டும் பெரிய வெண்கல வட்டு. அப்புறம் ஜெகோகன், 5 பட்டைகள் மட்டும் உள்ள தாழ்ந்த குரல், எப்போதாவது ஒரு சுரம் விழும். அதற்கு மேல் ஜுப்ளாக், கொஞ்சம் அடிக்கடி. இந்த மூன்றும் காதில் நின்றுவிட்டால், மேலே நடக்கும் பின்னல் எதைச் சுற்றிப் பின்னப்படுகிறது என்பது தானாகத் தெரியும். ஜெகோகன் விழும் இடங்களில் மேலே இருப்பவர்களும் பெரும்பாலும் அதே சுரத்தில் வந்து சந்திப்பதைக் கவனித்த அன்றைக்குத்தான் எனக்குப் பாட்டு என்பதே கேட்க ஆரம்பித்தது.

கோங்கை ஒன்று என்று எண்ணுவது

இது நம் காதுக்கே உரிய தவறு. தாளம் போட்டுப் பழகிய கை, பெரிய அடி விழுந்ததும் அதைச் சமம் என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும். பாலியில் கோங் சுற்றை முடித்துவைப்பது. 8 அடிகள் கொண்ட கிலாக் சுற்றில் (பாரிஸ் என்ற வீர நடனத்துக்கு வாசிக்கிறார்களே, அது) கோங் விழுவது எட்டில். ஒன்றில் இல்லை.

எண்ணிக்கையில் ஒரு அடி இடம் மாறியதால் என்ன என்று கேட்கலாம். எல்லாமே மாறும். முழு வாக்கியமும் கோங்கை நோக்கிப் போகிறது, நாம் அதைத் தொடக்கமாகக் கேட்டால் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்தாகப் படித்த மாதிரி ஆகிவிடும். தீர்மானம் முடிந்து சமத்தில் வந்து விழும்போது உடம்பில் ஒரு நிறைவு வருமே, கோங்கை அந்த உணர்வோடு கேளுங்கள். எண்ணுவது சிரமமாக இருந்தால் காஜாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது மத்தளக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வைத்துக்கொண்டு டக் டக் என்று சீராகத் தட்டும் சின்னக் குடம்.

கெப்யாரின் தொடக்கத்தில் தாளம் தேடுவது

கெப்யார் கமெலானில் ஒரு வகை. அதன் தொடக்கத்தில் தாளத்தைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. இருபது பேருக்கும் மேல் ஒரே மூச்சில் வெடித்து நிற்கிறார்கள், மறுபடி வெடிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது மத்தளக்காரரின் கையையும் உகால் என்ற தலைமைக் கங்சாவை வாசிப்பவரின் பங்குலையும்தான்.

கெப்யார் மட்டும்தான் கமெலான் என்று நினைப்பது

காணொளிகளில் முதலில் வருவது கோங் கெப்யார், அதனால் இந்த நினைப்பு. கெப்யார் வயதில் இளையது. 1915 வாக்கில் வடக்குப் பாலியின் புலெலெங் பகுதியில் தலையெடுத்தது. டச்சுக்காரர்கள் 1906-லும் 1908-லும் தெற்கு அரசுகளை வீழ்த்தியபின் அரண்மனைகளுக்குக் கமெலானைப் பேணும் வசதி போயிற்று. கிராமத்துக் குழுக்களின் கைக்கு இசை வந்தது. பழைய அரசவைத் தொகுப்புகள் பலவற்றை உருக்கி அந்த வெண்கலத்திலேயே கெப்யார் கருவிகள் வார்த்தார்கள். இதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

தப்பிப் பிழைத்தவையும் வேறு வகைகளும் உண்டு. செமார் பெகுலிங்கான் மென்மையானது, அரண்மனையின் குரல். அங்க்லுங்கில் நாலே சுரம், சுடுகாட்டு ஊர்வலங்களில் கேட்கும். தெங்கனான் கிராமத்தில் செலோண்டிங், இரும்பு. ஜெம்ப்ரானாவில் ஜெகோக், ஆள் உயர மூங்கில்.

தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது கெண்டேர் வாயாங். நிழற்கூத்துக்கு வாசிக்கும் சின்னக் குழு, பெரும்பாலும் இரண்டு அல்லது நாலு கருவிகள். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் தட்டி, தட்டிய பட்டையை அதே கையின் ஓரத்தால் அடக்குகிறார்கள். பின்னல் எப்படி நடக்கிறது, அலை எப்படி எழுகிறது என்று இரண்டு பேரை மட்டும் வைத்துப் பார்த்துவிடலாம்.

போன் ஸ்பீக்கர்

கோங் வராது. நல்ல ஹெட்போன் போடுங்கள்.

கருவிக்கு மேலாகத் தாண்டிப் போவது

சுற்றிப் போங்கள். எவ்வளவு தூரமானாலும்.

கோவிலில் கச்சேரியை எதிர்பார்ப்பது

ஒடாலானுக்கு, அதாவது 210 நாளுக்கு ஒருமுறை வரும் கோவில் விழாவுக்கு, யாராவது அழைத்துப் போனால் கண்டிப்பாகப் போங்கள். காமேன் என்ற வேட்டி போன்ற துணி கட்டி, இடுப்பில் செலெண்டாங் என்ற கச்சை சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒரு மண்டபத்தில் கெப்யார் நடக்கும்போதே வெளியில் பெலெகாஞ்சூர் என்ற நடந்து வாசிக்கும் கமெலானோடு ஊர்வலம் வரும், பூசாரியின் மணி ஒலிக்கும், மேலே ஒலிபெருக்கியில் யாரோ வரிகளைப் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எதைக் கேட்பது என்று தவித்து, சுமாரான ஒலியமைப்பு என்று அலுத்துக்கொண்டு எழுந்து போன நண்பரைப் பார்த்திருக்கிறேன். பாலியில் அந்த நெரிசல்தான் விழா, எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தால்தான் ஊர் நிறைந்தது என்று அர்த்தம்.

இடம் இருந்தால் ஜெகோகனுக்குப் பின்னால் போய் உட்காருங்கள். பெரும்பாலும் அங்கே சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.