ஆலை நீர் கலந்த ஆற்றைச் சோதிப்பது எப்படி?

சென்னையில் கோயம்பேடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் கூவத்திலும், நெசப்பாக்கம் நிலையத்தின் நீர் அடையாற்றிலும் விடப்படுகிறது. கோடையில் இந்த ஆறுகளுக்கு மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் மிகக் குறைவு. அதனால் ஆலை (சுத்திகரிப்பு நிலையம்) வாசலில் பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் லிட்டருக்கு எத்தனை மி.கி. ஆக்சிஜன் எடுக்கும் என்ற அளவு, விதிக்குள் இருந்தால் மட்டும் போதாது. உதாரணமாக, பி.ஓ.டி. 20 உள்ள ஆலை நீர் ஒரு பங்கு, பி.ஓ.டி. 3 உள்ள ஆற்று நீர் இரண்டு பங்கு சேர்ந்தால் கலவையில் ஏறக்குறைய 8.7 வரும். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 3.

முதலில் இடம். ஆலை நீர் விழும் இடத்துக்கு 100 மீட்டர் மேலே ஒன்று, விழும் வாயில் ஒன்று, கீழே குறைந்தது மூன்று. கீழே ஒரே இடத்தில் எடுத்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் விழும் நீர் வெகுதூரம் ஒரு கரையை ஒட்டியே ஓடும். பேனா வடிவ மின்கடத்துத்திறன் மீட்டரை இரு கரையிலும் நடுவிலும் முக்கிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் காட்டும் இடத்தில்தான் கலப்பு முடிந்திருக்கிறது. ஆக்சிஜன் மிகவும் சரிவதும் வாயருகே அல்ல, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிய பிறகு, இன்னும் கீழே. முகத்துவாரப் பகுதியில் நீர் இறங்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். ஏற்றத்தில் ஆலை நீரே பின்னோக்கி வந்து "மேல்" மாதிரியைக் கெடுத்துவிடும்.

நேரம், விடியலுக்கு முன். பாசி பிடித்த நீரில் மதியம் ஆக்சிஜன் 12 மி.கி. காட்டும், 30 டிகிரியில் நீர் தாங்கக்கூடியதே லிட்டருக்கு 7.5 மி.கி.தான். அந்தப் பாசியே இரவெல்லாம் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் மீன் சாவது அதிகாலையில்.

இனி, நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் சோதனை. 300 மி.லி. பி.ஓ.டி. புட்டியை நீருக்கடியில் மெதுவாக நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுங்கள். சிக்கிய காற்று ஆக்சிஜனை உயர்த்திக் காட்டும். மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு-அசைடு கரைசல் 2 மி.லி., இரண்டையும் பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, பதினைந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜனே இல்லை. கூவத்தின் கறுத்த நீரைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளை ஆச்சரியம் தராது. படிவு பாதி இறங்கியதும் அடர் சல்ஃப்யூரிக் அமிலம் 2 மி.லி. சேர்த்துக் கரையுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அதில் 203 மி.லி. எடுத்து, 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் வெளிர் மஞ்சள் வரும்வரை அளவுக்குழாயிலிருந்து துளித்துளியாக விடுங்கள். பிறகு ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் துளியில் நிறுத்துங்கள். செலவான தயோசல்பேட் எத்தனை மி.லி.யோ, அதுவே லிட்டருக்கு மி.கி. ஆக்சிஜன். மீன் வளர்ப்புக்கு வாரியம் கேட்பது 4.

பி.ஓ.டி.யோடு நின்றுவிடாமல் அமோனியாவையும் கட்டாயம் கேளுங்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் தின்னும். 27 டிகிரியில் மூன்று நாள் பார்க்கும் பி.ஓ.டி.யில் இந்தக் கடன் பெரும்பாலும் தெரியாது. பி.ஓ.டி. 15 என்று நல்ல பெயர் வாங்கிய நீரில் அமோனியா நைட்ரஜன் 25 மி.கி. இருந்தால், அது ஆற்றிலிருந்து இன்னும் 114 மி.கி. ஆக்சிஜன் கேட்கும். pH (காரத்தன்மை) ஏற ஏற அமோனியா மீனுக்கு விஷமும் ஆகிறது.

குளோரின் போட்ட நீரில் பி.ஓ.டி. பொய்யாகக் குறைந்து காட்டும், நுண்ணுயிர்கள் செத்துவிடுவதால். எஞ்சிய குளோரினைச் சோடியம் சல்ஃபைட்டால் முறித்துவிட்டு, விதை நுண்ணுயிர் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பி.ஓ.டி., கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

ஆலையைக் குறைசொல்லும் முன் இரு கரையும் நடந்து மழைநீர் வடிகால்களின் வாயைப் பாருங்கள். மழையில்லாத நாளில் அவற்றில் தண்ணீர் ஓடினால் அது திருட்டு இணைப்பில் வரும் சுத்திகரிக்காத கழிவுநீராக இருக்கலாம். அதற்கும் ஒரு மாதிரி எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.