பாலர் வயதுப் பிள்ளையும் வீட்டுப் போனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலர் பாடசாலை வாசலில் பிள்ளையை ஏற்ற வந்து நிற்கும்போது போன் பற்றிப் பேச்செழுந்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? அதற்கு விடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் குறைந்தால் நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைய வேண்டும், 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. இந்தப் பகுதியை யாரும் கேட்பதில்லை.

ஒரு மணி நேரம் என்று தெரிந்தும் ஏன் காக்க முடிவதில்லை? போன் கைமாறும் வேளைகளைக் கவனித்தால் விளங்கும். சோறு ஊட்ட வேண்டும், அழுகை நிற்க வேண்டும், உலை கொதிக்கும் வரை பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டும், இரவில் கண் மூட வேண்டும். பிள்ளை கேட்டுக் கொடுப்பதைவிட, நமக்குத் தேவைப்பட்டு நாமே நீட்டுவது அதிகம். எனவே கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன், எந்தெந்த வேலைக்குப் போனைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைத்தால் நேரம் தானாகக் குறையும்.

சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போன்

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். திரையில் கார் ஓடுகிறது, வாய் தானாகத் திறக்கிறது, கோப்பை காலியாகிறது. ‘முழுவதும் சாப்பிட்டுவிட்டான்’ என்று அம்மம்மாவுக்கு நிறைவு. பிள்ளைக்கோ என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது. பசி எப்போது அடங்கியது, வயிறு எப்போது நிறைந்தது என்பதை உடம்பு சொல்கிறது; அதைக் கேட்டுப் பழக வேண்டிய வயதில் காதும் கண்ணும் வேறெங்கோ இருக்கின்றன. போதும் என்று சொல்லத் தெரியாத பிள்ளை கூடுதலாகவும் உண்ணும். போன் இல்லாத இடத்தில் வாயைத் திறக்கவே மறுக்கவும் செய்யும்.

நமது திருகோணமலையில் இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே சோறு என்றால் பெரும்பாலும் மீனும்தான். பாரையோ கீரிமீனோ, எவ்வளவு கவனமாக முள்ளெடுத்துப் பிசைந்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். முள்ளை நாக்கால் கண்டுபிடித்து ஒதுக்குவது கடலோரத்துப் பிள்ளை நான்கு வயதுக்குள் கற்கத் தொடங்கும் ஒரு வித்தை. கார்ட்டூனில் மூழ்கியிருக்கும் பிள்ளையின் நாக்குக்கு அந்தக் கவனம் இராது.

இதை மாற்ற விரும்புகிறவர்கள் செய்யும் தவறு, ஒரே நாளில் போனைப் பிடுங்கிவிட்டு, அதே பெரிய கோப்பையோடு அதே இடத்தில் உட்கார்ந்து ஊட்டுவது. இடத்தை மாற்றுங்கள். பெரியவர்கள் சாப்பிடும்போது கூடவே இருத்தி, சின்னத் தட்டில் கொஞ்சமாகப் போட்டு, கையை விட்டு அளைய விடுங்கள். சட்டையும் பாயும் அழுக்காகும், கழுவலாம். சில நாட்களுக்குக் குறைவாகத்தான் சாப்பிடும். நோயில்லாத பிள்ளை அடுத்த வேளையில் அதை ஈடு செய்துகொள்ளும். இடையில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் கொடுத்துப் பசியைக் கெடுக்காமல் இருந்தால் போதும். எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றால், கிளினிக் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். அதற்கு யூடியூப் மருந்தல்ல.

‘ஆங்கிலம் வரும்’ என்ற நம்பிக்கை

உவர்மலையிலும் கேட்கலாம், கிண்ணியாவிலும் கேட்கலாம்: ‘பிள்ளை பார்ப்பதெல்லாம் ஆங்கிலக் கார்ட்டூன்தான். நிறங்களின் பெயர்கள், எண்கள் எல்லாம் தெரியும்.’ தெரியும்தான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை எந்த மொழியிலும் கேட்காமல் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி அழுதால், அது மொழி கற்கவில்லை, ஒப்பிக்கக் கற்றிருக்கிறது.

அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் இருந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டிக் கதைத்தார்கள். பன்னிரண்டு அமர்வுகள் முடிந்தபோது, அந்தக் குழந்தைகளால் சீன மொழிக்கேயுரிய ஒலிகளைப் பிரித்தறிய முடிந்தது. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு வீடியோவாகக் காட்டப்பட்டது. அவர்களிடம் எந்தப் பயனும் தெரியவில்லை. ஒலி அதேதான், கூட இருந்து கதைக்கும் ஆள்தான் இல்லை.

மூன்று வயதுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறும். மெதுவாக நகரும், நல்ல கதையுள்ள நிகழ்ச்சியிலிருந்து பிள்ளை புதிய சொற்களைப் பிடித்துக்கொள்ளும். அருகில் ஒருவர் இருந்து ‘அவன் ஏன் ஒளிந்துகொண்டான்?’ என்று கேட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே ஆங்கில நிகழ்ச்சியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அருகில் உட்காருங்கள் என்கிறேன். உட்கார நேரமில்லை என்றால், அதைக் கல்வி என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள். பல மொழி வேண்டும் என்பவர்களுக்குத் திருகோணமலையைவிட வாய்ப்பான ஊர் கிடைப்பது அரிது: சிங்களம் பேசும் குடும்பம் பக்கத்து ஒழுங்கையிலேயே இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையோடு மாலையில் மண் விளையாடுவது எந்தச் செயலியையும்விட நன்றாகக் கற்பிக்கும்.

யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சி

பிள்ளை பார்க்கவில்லைதானே என்று மாலை முழுவதும் நாடகமும் செய்தியும் ஓடிக்கொண்டிருக்கும். இதை யாரும் திரை நேரமாகக் கணக்கிடுவதில்லை. ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்த 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பிள்ளைகள் திரையை அவ்வப்போது சில விநாடிகளே ஏறிட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு விளையாட்டில் அவர்கள் தரித்திருந்த நேரம் குறைந்தது. மறுவருடம் வெளியான வேறொரு ஆய்வு சொற்களை எண்ணியது: தொலைக்காட்சி ஒலிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. நாடகம் பார்ப்பது அப்பம்மாவின் உரிமை. அதில் கைவைக்க நான் யார்? நாடகம் முடிந்ததும் அணைக்கலாம் என்பதுதான் கோரிக்கை.

தானாக ஓடும் அடுத்த வீடியோ

யூடியூப்பில் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போகிறோம். பாட்டு நமது தெரிவு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நமது தெரிவல்ல. குழந்தைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் உருவங்களைக் களவாடி, அச்சமூட்டும் காட்சிகளும் வன்முறையும் கலந்து செய்யப்பட்ட வீடியோக்கள் ஏராளமாகப் பரவியது 2017இல் உலகெங்கும் பேசப்பட்டது. அவற்றில் பலவற்றை நீக்கினார்கள் என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. குறுங்காணொளிகள் வேறு சேர்ந்துவிட்டன. விரலால் தள்ளத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அவற்றில் முடிவென்ற ஒன்றே இல்லை.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் போனைக் கொடுக்கும் அந்த அவசரத்தில் செய்ய முடியாது. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். நீங்கள் முழுவதும் பார்த்த சில வீடியோக்களைத் தரவிறக்கி வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள். டேட்டாவும் மிச்சம். அன்ட்ராய்ட் போன்களில் ஒரு செயலியைவிட்டு வெளியே போக முடியாதபடி திரையைப் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் தேடுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையின் முன்னால் அடிக்காதீர்கள், மூன்று வயதிலேயே பார்த்துப் பழகிவிடுவார்கள்.

சமைக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று அனலாய் வீசும் மதியங்களிலும் மார்கழி மழையிலும் முற்றத்துக்கு விட முடியாது என்பது உண்மை. அடுக்களை வாசலில் ஒரு சுளகும், அதில் கலந்து கொட்டிய சின்ன வெங்காயமும் உள்ளியும் பிரித்துப் போட இரண்டு சிரட்டையும் கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளையும் அமர்ந்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு

திரை கூடாது என்று கேள்விப்பட்டதும், கட்டாரில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவதையும் குறைத்துவிடுகிறவர்கள் உண்டு. இது தேவையற்ற தண்டனை. ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகூட, வீடியோ அழைப்புக்கு விலக்களித்தது. காரணம், மறுமுனையில் இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நேரடி அழைப்பில் கதைத்தவரிடமிருந்து அவர்கள் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை.

தவறு அழைக்கும் நேரத்தில் இருக்கிறது. கட்டாரும் சவூதியும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்து ஆறரை மணிக்கு அழைத்தால் இங்கே ஒன்பது மணி. தூக்கத்தில் சொருகும் பிள்ளையை எழுப்பி, ‘வாப்பாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு’ என்றால், பாட்டும் வராது, பிறகு பதினொரு மணி வரை தூக்கமும் வராது. அங்கே காலை ஐந்து மணி என்பது இங்கே ஏழரை. பாலர் பாடசாலைக்குப் போகச் சட்டை போடும் நேரம். வெள்ளி விடுமுறை என்றால் இன்னும் வசதி. போனைக் கையில் கொடுக்காமல் ஒரு பால்மாத் தகரத்தில் சாய்த்து வையுங்கள். ‘உன் நீலப் பந்தைக் கொண்டு வா’ என்று அப்பா கேட்க, பிள்ளை ஓடி எடுத்து வரட்டும். ஐந்து நிமிடம் போதும்.

உறங்கப் போவதற்கு முந்திய ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்பதும் அதே மருத்துவர் சங்கத்தின் பரிந்துரைதான். சிறு பிள்ளைகளின் கண்ணுக்குள் பெரியவர்களின் கண்ணைவிடக் கூடுதலாக ஒளி புகும். கொலராடோவில் பாலர் வயதுப் பிள்ளைகள் சிலரை வைத்து 2018இல் வெளியான சிறிய ஆய்வில், படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரப் பிரகாசமான ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை ஏறக்குறைய 88 வீதம் தடுத்தது. அங்கே பயன்படுத்தியது போனைவிடக் கூடிய வெளிச்சம் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நுளம்பு வலைக்குள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக் கிடக்கும் பிள்ளைக்கு அது சாதகமான செய்தியல்ல.

பிடுங்குவதும் மிரட்டுவதும்

பாதிக் கதையில் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும். ‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று முன்னறிவிப்புக் கொடுப்பது நல்லது என்று நாமெல்லாம் நினைக்கிறோம். அமெரிக்கக் குடும்பங்களை வைத்து 2016இல் செய்த ஓர் ஆய்வில் கிடைத்தது இதற்கு நேர்மாறு: அந்த அறிவிப்போடு நிறுத்தியபோது அழுகை கூடியது. வீடியோ தானே முடியும் இடத்தில் நிறுத்தியபோதும், தினமும் ஒரே ஒழுங்கில் நிறுத்தியபோதும் சண்டை குறைந்தது. இரண்டு நிமிடம் என்றால் என்ன என்று மூன்று வயதுக்குத் தெரியாது. ‘இந்தப் பாட்டு முடிந்ததும் மான் பார்க்கப் போகிறோம்’ என்றால் தெரியும்; பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் நிற்கும் ஊரில் அப்படிச் சொல்ல வசதி இருக்கிறது. சொன்னால் கூட்டிப்போக வேண்டும்.

பிள்ளையிடம் போனை வாங்கி நாமே அதைப் பார்க்க உட்காருவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பிள்ளை ஆடுவதையெல்லாம் முகநூலில் எல்லாருக்கும் திறந்து போடுவதும் அப்படித்தான்.

பேச்சு பிந்தினால்

கடைசியாகச் சொன்னாலும் விளைவில் பெரிய தவறு இது. பேச்சு வராத பிள்ளையைப் பார்த்து ‘எல்லாம் போனால் வந்தது, நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று வீட்டாரே தீர்ப்பெழுதி, ஒரு வருடம் காத்திருப்பது. அதிகத் திரையும் பேச்சுப் பிந்துவதும் சேர்ந்து காணப்படலாம். ஆனால் காது கேட்பதில் குறை இருந்தாலும் பேச்சு பிந்தும், ஆட்டிசம் இருந்தாலும் பிந்தும். போனை நிறுத்துவது இவற்றுக்குச் சிகிச்சையல்ல. போன்தான் ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று தாயைக் குற்றம் சாட்டுவதிலும் நியாயமில்லை. இரண்டு வயதாகியும் ‘பால் தா’ போல இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, தெரிந்த சொற்களையும் விட்டுவிட்டது என்றால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டுங்கள். காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ‘அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டு, கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.