அரசு கொடுத்த வாக்கை அரசிடமே கேட்பது எப்படி?

"மனித உரிமை மீறப்படுகிறது" என்று பொதுவாகச் சொன்னால், "நடவடிக்கை எடுத்து வருகிறோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் அரசு என்ன வாக்குக் கொடுத்தது, எந்தத் தேதியில், எந்த வார்த்தைகளில் என்பதை முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போராட்டம், பேட்டி எல்லாம் அப்புறம்தான்.

எங்கே தேடுவது? ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2008 முதல் உலகளாவிய காலமுறை மீளாய்வு நடக்கிறது. ஒவ்வொரு நாடும் சுமார் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை மற்ற நாடுகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அங்கே வரும் பரிந்துரைகளில் எதை ஏற்கிறோம், எதை வெறுமனே குறித்துக்கொள்கிறோம் என்று அரசே எழுத்தில் தரும். ஏற்றுக்கொண்ட பட்டியலை முதலில் எடுங்கள், ஏனென்றால் அதை வெளியார் திணித்தது என்று பின்னால் தட்டிக்கழிக்க முடியாது. உடன்படிக்கைகளையும் பாருங்கள். ஆனால் கையெழுத்து வேறு, பின்னேற்பு (உடன்படிக்கைக்குச் சட்டப்படி கட்டுப்படுவதாக நாடு உறுதிசெய்வது) வேறு: குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் அமெரிக்கா 1995-ல் கையெழுத்திட்டது, இன்னும் பின்னேற்பு செய்யவில்லை.

அடுத்ததுதான் உண்மையான வேலை. "காவலில் சித்திரவதையைத் தடுக்கும் நடவடிக்கைகளை வலுப்படுத்துவோம்" என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே திருப்பிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. போன வருடம் எத்தனை புகார் வந்தது, எத்தனையில் வழக்குப் பதிவானது, விசாரித்தது அதே துறையா வெளியாளா, எத்தனை பேருக்குத் தண்டனை, புதுச் சட்டத்தின் வரைவு இப்போது யார் மேசையில் இருக்கிறது? இப்படி உடைத்துக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடு என்றால் அதன் வழியாக மனுப் போடுங்கள், இல்லையென்றால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைச் சபையில் கேட்கச் சொல்லுங்கள். "தகவல் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், எண்ணிக்கையே வைத்திருக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே சான்று.

சேர்த்ததையெல்லாம் அடுத்த மீளாய்வுக்கு அனுப்புங்கள். தனி அமைப்புக்கு 2,815 சொற்கள், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630, அதற்கு மேல் ஏற்க மாட்டார்கள். கெடு மீளாய்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் அரசு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றிருந்தால், அதைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைகள் குழு (முன்பு சொன்ன பேரவை வேறு) தான் தேர்ந்தெடுத்த சில பரிந்துரைகளில் நடந்ததைப் பார்த்து ஏ (A) முதல் இ (E) வரை தரம் போடும், எடுத்த நடவடிக்கை பரிந்துரைக்கு எதிராகவோ அதை நிராகரிப்பதாகவோ இருந்தால் இ (E). அந்த ஓர் எழுத்து செய்தியாளர்களுக்கும் உடனே புரியும்.

அதிகம் பேர் செய்யாத ஒன்று: பரிந்துரையை முன்வைத்த நாட்டின் தூதரகத்துக்கு எழுதுங்கள், "நீங்கள் சொன்னீர்கள், இவர்கள் ஏற்றார்கள், இதுவரை நடந்தது இவ்வளவுதான், திரும்பவும் கேளுங்கள்" என்று ஒரே பக்கத்தில்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரை மட்டும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். சம்மதம் தந்தாலும், அறிக்கை வெளியே போகும் முந்தின நாள் இன்னொரு தடவை கேளுங்கள், பழிவாங்கல் வந்தால் அது அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வரும்.