ஆங்கிலேய மாளிகைத் தோட்டங்களை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்களில் ஒரே கையால், ஒரே காலத்தில் உருவானவை மிகக் குறைவு. ஒரு பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் வழித்தெறிவதுதான் மீட்பு வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

குளோஸ்டர்ஷயரின் வெஸ்ட்பரி கோர்ட் தோட்டத்தைப் பாருங்கள். 1696 முதல் 1705 வரை மேனார்டு கோல்செஸ்டர் அமைத்த டச்சு பாணி நீர்த்தோட்டம் அது. 1967-இல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் வந்தபோது பாழடைந்து கிடந்தது. கிப் என்ற செதுக்கோவியர் செதுக்கிய பழைய படமும் கோல்செஸ்டரின் கணக்குப் புத்தகமும் மீட்புக்குக் கைகொடுத்தன. ஆனால் அங்குள்ள ‘T’ வடிவக் கால்வாய் அவருக்குப் பின் வந்த வாரிசு வெட்டியது. படத்தையே வேதவாக்காகக் கொண்டிருந்தால் அதை மண்போட்டு மூடியிருப்பார்கள். அக்காலப் படங்களில், போட வேண்டுமென்று நினைத்து போடாமலே விட்ட பாத்திகளும் உண்டு.

படத்தைச் சரிபார்க்கும் இடம் மண்தான். 2018 கோடையில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் புல்வெளி காய்ந்தபோது, 1699-ஆம் ஆண்டின் பூப்பாத்திக் கோலம் அப்படியே தெரிந்தது. அடியில் சரளைப் பாதை இருக்கும் இடத்தில் மண் ஆழம் குறைவு, ஈரமும் குறைவு. அங்கே புல் முதலில் பழுக்கும். இயந்திரத்தை இறக்குமுன் வறட்சிக் காலத்தில் மேலிருந்து படமெடுத்துவிடுங்கள். ஒருமுறை கிளறிய மண் மறுபடி பேசாது.

ஏரியைத் தூர்வாரும்போது அவசரம் ஆகாது. 18-ஆம் நூற்றாண்டுத் தோட்ட வடிவமைப்பாளர் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் காலத்து ஏரிகளில் நீரைப் பிடித்து நிறுத்துவது மிதித்து இறுக்கிய களிமண். மண்வாரி இயந்திரம் வண்டலோடு அதையும் கீறிவிட்டால் ஏரி கசியத் தொடங்கும். முதலில் பல இடங்களில் கம்பி இறக்கி வண்டலின் ஆழத்தை அளந்து, களிமண்ணுக்கு மேலேயே நிறுத்துங்கள். அணைக்கரையில் மரம் வளரவிடக் கூடாது. பட்டுப்போன வேர் மட்கினால் அந்தத் துளையே நீர் ஓடும் குழாயாகிவிடும். 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும் ஏரி என்றால் 1975-ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டமும் பொருந்தும். தகுதி பெற்ற பொறியாளர் இல்லாமல் கரையைத் தொடாதீர்கள்.

வாரிய வண்டலைப் பழைய ஓக் மரங்களின் அடியில் கொட்டுவது அடுத்த தவறு. வேர்கள் மூச்சுத் திணறிச் சாகும். அடிமர விட்டத்தைப்போல் 15 மடங்கு ஆரத்துக்குள் கொட்டுதல், உழவு, உரம், வண்டி எதுவும் கூடாது. விட்டம் 1.2 மீட்டர் என்றால் 18 மீட்டர்.

சாலையோர லைம் மரங்களில் (எலுமிச்சை அல்ல, டிலியா இன நிழல் மரம்) விழுந்த இடத்தை விதைக்கன்றால் நிரப்பினால் வரிசையின் உருவம் கெடும். அதே மரத்தின் அடிக்கிளையைப் பதியம் போட்டு எடுங்கள்.

செங்கல் சுவருக்கு சிமென்ட் பூச்சு வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றி செங்கலுக்குள் உறைந்து, முகப்பு உதிரும். சுண்ணாம்புக் காரைதான் சரி. அதையும் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் பூசாதீர்கள்.