காடு மண்டிய தோட்டத்தை மீட்கப் போகிறீர்களா? பொக்லைனைக் கூப்பிடாதீர்கள்

கேரளாவில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் 75 சென்ட் இருக்கிறது. ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, முப்பது சொச்சம் தென்னை. எட்டு வருஷமாக யாரும் குடியில்லை. நான் போனபோது வாசற்படி வரைக்கும் உண்ணிச்செடி.

“கேரளாதானே, மழைக்கு என்ன குறை” என்பார்கள். எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். மேற்கே கொட்டும் மழையில் பாதிகூட இங்கே எட்டாது. ஒரு வருஷம் ஆனி முழுக்கத் தூறல் இருக்காது. இன்னொரு வருஷம் சித்திரையிலேயே வெளுத்து வாங்கும்.

இது தெரிந்தும் முதல் வாரமே பொக்லைன் வரவழைத்து, நாலு மணி நேரத்தில் இடத்தை மொட்டையடித்தேன். பத்தாம் நாள் கோடை மழை. முக்கால் மணி நேரம்தான் பெய்தது. மேட்டிலிருந்த மேல்மண் அப்படியே கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. வாளி விட்டு இறைத்தால் மோர்க்குழம்பு மாதிரி வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா எட்டிப் பார்த்து, “ஏங்கண்ணு, தோலை உரிச்சுட்டு மாட்டை மேயச் சொன்னா மேயுமா?” என்றார்.

அதனால் கீழே இருப்பது நான் செய்த வரிசை அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசை.

1. முதலில் காகிதம், அப்புறம் கத்தி

வில்லேஜ் ஆபீசில் கரம், அதாவது நில வரி, எந்த வருஷம் வரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள். கூடவே ஒன்று. கேரளப் பதிவில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல்; ‘புரையிடம்’ என்றால்தான் வீடும் தோப்பும் உள்ள மேட்டு இடம். தமிழில் படித்துப் பழகிய நாம் ‘நிலம்’ என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி வயலை இஷ்டத்துக்கு மண் போட்டு நிரப்ப முடியாது.

எல்லைக்கல்லைத் தேடி நடக்கும்போது பூட்ஸ் போடுங்கள், கையில் கம்பு வேண்டும். ஓட்டுக் குவியல், மட்டைக் குவியல், புற்று, இந்த மூன்றிலும் கையை விடும் முன் கம்பை விடுங்கள். பாம்புக்கடி மருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

2. கூரை

நல்ல வெயிலில், உச்சி நேரத்தில், கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் உடைந்த ஓடு அல்லது நகர்ந்த ஓடு. அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் பதினேழு வட்டம். ரீப்பரை, அதாவது ஓட்டைத் தாங்கும் மரச்சட்டத்தை, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், பொசுக்கென்று உள்ளே போனால் கரையான் முடித்துவிட்டது. ஈர ஓட்டில் ஏறவே ஏறாதீர்கள்.

கூரை ஓரத்தில் பீலி (தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய்) வைத்து ஓட்டுத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்ப முடிந்தால் இப்போதே திருப்புங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 900 லிட்டர்.

3. கிணறு

தூர் வார ஆள் இறங்கும் முன் ஒரு ராந்தலைக் கட்டிக் கீழே விடுங்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. எரிந்தாலும், இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் இறங்க வேண்டாம். டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தூர் வாரி, தண்ணீர் ஊறித் தெளிந்ததும் பிளீச்சிங் பவுடர் போடலாம். 1000 லிட்டருக்கு 5 கிராம். கணக்கு இப்படி: கிணற்றின் குறுக்களவு 3 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர் என்றால், 3.14 × 1.5 × 1.5 × 4, ஏறக்குறைய 28 கன மீட்டர். அதாவது 28,000 லிட்டர், 140 கிராம் பவுடர். அதை நேரே கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கி அலசுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பை உள்ளே விடாதீர்கள். ஒரு நாள் கழித்துத்தான் புழங்க வேண்டும்.

4. பட்டை பட்டையாக வெட்டுங்கள்

சரிவுக்குக் குறுக்கே பத்தடி வெட்டுங்கள், அடுத்த பத்தடியை அப்படியே விடுங்கள். வெட்டிய செத்தையை எரிக்காமல் பட்டையின் கீழ் ஓரத்தில் வரிசையாகப் போட்டால் வழிந்து வரும் மண் அதில் தங்கும். வெட்டிய பட்டையில் பச்சை பிடித்த பிறகு விட்டதை வெட்டுங்கள். நான் பண்ணிய தப்புக்கு இதுதான் மருந்து.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தரைக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கையுறை கட்டாயம்.

வரப்பு போடக் கண்ணளவை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்துக் குச்சி நட்டு, அந்தக் கோட்டில் போடுங்கள்.

5. இருக்கிற தென்னை

புதுக் கன்று வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்டு பழைய மரத்தைப் பாருங்கள். கொண்டையில் காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்குங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப்பாத்தி, அதில் மக்கிய எரு, மேலே மட்டை மூடாக்கு. ஓலை விசிறி மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது எருக்குழியிலும் மட்கிய மரத்திலும், ஆகவே அங்கே கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். ஓலை கறுத்துப் புகை படிந்த மாதிரி இருந்தால் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் இது 2016இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் தெரிய வந்தது. கண்ட மருந்தையும் அடித்தால் அந்த ஈயைத் தின்னும் நல்ல பூச்சியும் சாகும். கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மண் பரிசோதனைக்கும் அங்கேயே கேட்கலாம்.

6. நடவை இரண்டாகப் பிரியுங்கள்

வாங்கிய கன்றுகளை எல்லாம் ஒரே மழையை நம்பி நடாதீர்கள். பாதியைத் திருவாதிரை ஞாற்றுவேலையில் (மலையாள விவசாயிகள் நடவுக்குப் பார்க்கும் மழை நாட்கள்), ஜூன் கடைசி வாக்கில் நடுங்கள். மீதிப் பாதி ஐப்பசிக்கு. எது பொய்த்தாலும் மற்றது மிஞ்சும். வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டி நடும் கிளை) போதும், காசு கொடுத்துக் கம்பி வாங்க அவசரமில்லை.

வாழைக்கு ஆடிக்குள் முட்டுக் கொடுத்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் விளையாட்டில்லை. போன ஆனியில் நட்ட ஆறு நேந்திரனில் நாலு சாய்ந்தது. ஐப்பசியில் வைத்த ஆறும் இப்போது நிற்கிறது, ஆனால் பங்குனி வரை குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.